விழுகிற பல்தானே என்று விடுவதா?



"விழுகிற பல்தானே, அதற்கு வைத்தியம் எதற்கு?" என்கிறார்கள். பால் பற்கள் முழுதும் விழுந்து முடியப் பன்னிரண்டு வயதாகிறது. அதுவரை குழந்தை வலியோடு எப்படிச் சாப்பிடும்? எப்படிப் படிக்கும்? ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லோ, போனால் போனதுதான்!

"தாய் கவனிக்கவில்லை" என்பது அடுத்த பழி. நாற்று நடப் போனவள் மீதா குற்றம்? மூலைக்கடை வரை மிட்டாயைக் குவிக்கும் கம்பெனி மீது இல்லையா? சர்க்கரையைத் தின்று கிருமி கக்கும் அமிலமே பல்லை அரிக்கிறது. உலகில் 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால் பல் சொத்தை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் கூறியது. அத்தனை தாய்மாருமா அசட்டை?

மத்திய சர்க்கார் 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டப்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து பல்லையும் பார்க்க வேண்டும். நல்லது. சொத்தையைக் கண்ட பின்? சீட்டு எழுதினால் பல் அடைபடுமா? மங்கலம்பேட்டையிலிருந்து சிதம்பரம் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று!

சொத்தை பரவாமல் நிறுத்தும் வெள்ளி ஃபுளோரைடு மருந்து 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசியப் பட்டியலில் ஏறிவிட்டது. சொத்தை கறுக்கும், ஆனால் துளைக்க வேண்டாம், பூசினால் போதும். பள்ளியிலேயே பூசலாம்.

பல் டாக்டர், குழந்தை டாக்டர், கிராம நர்ஸ், ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர் எல்லோரும் ஓரணியாக வேலை செய்ய ஏற்பாடு வேண்டும். சங்கக் கூட்டங்களில் இதைக் கோரிக்கையாக்குங்கள்: பார்க்க வரும் வண்டியிலேயே வைத்தியமும் வரட்டும்!