அழகு களவை மறைக்குமா?

சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் திருநாவலூர். இன்று அது கள்ளக்குறிச்சி ஜில்லாவைச் சேர்ந்தது.

அதே ஜில்லாவில் வீரசோழபுரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. கல்வராயன் மலைக்குக் கிழக்கே, சமவெளியில் உள்ள ஊர். அங்கே பழைய சிவன் கோயில் ஒன்று உண்டு. அந்தக் கோயிலில் சுந்தரரும் அவர் மனைவி பரவையாரும் செப்பு விக்கிரகமாக இருந்தார்கள். விஜயநகர அரசர்கள் காலத்தில், 16-ம் நூற்றாண்டில் வார்த்தது.

1956-ம் ஆண்டில் அதைப் போட்டோ எடுத்தார்கள். எடுத்தவர்கள், புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார். கள்ளக்குறிச்சி அப்போது தென் ஆற்காடு ஜில்லாவில் ஒரு தாலுகா. கோயில் கோயிலாகப் போனார்கள். சிலைகளைப் படம் பிடித்தார்கள். ஊர்ப் பெயரையும் ஆண்டையும் குறித்து வைத்தார்கள். இப்படி அந்த நிலையத்தில் சேர்ந்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம்.

பிறகு ஒரு நாள் விக்கிரகம் வீரசோழபுரத்தில் இல்லை. கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போய்விட்டது!

ஆர்தர் சாக்ளர் என்ற அமெரிக்க டாக்டர் பெரிய கலை ரசிகர். தாம் சேர்த்த பொருள்களில் 1,000 பொருள்களைத் தம் நாட்டுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். அவற்றுக்காக வாஷிங்டன் நகரில் 1987-ல் ஒரு பொருட்காட்சிசாலையே திறந்தார்கள். அந்த ஆயிரத்தில் ஒன்றாகச் சுந்தரரும் பரவையாரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

2022-ல் தமிழ்நாட்டுச் சிலைத் திருட்டுத் தடுப்புப் போலீசார், வீரசோழபுரம் விக்கிரகங்கள் அமெரிக்காவில் இருப்பதாகச் சொன்னார்கள். பொருட்காட்சிசாலையாரும் ஆராய்ந்தார்கள். புதுச்சேரிப் போட்டோவும் தங்களிடம் உள்ள விக்கிரகமும் ஒன்றே என்று கண்டார்கள். இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுப்பதாக 2026 ஜனவரியில் அறிவித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுந்தரர் வாழ்க்கையில் இதேபோன்ற வழக்கு ஒன்று முன்பே நடந்திருக்கிறது!

கிழவர் காட்டிய ஓலை

சுந்தரருக்குக் கல்யாணம். பந்தல் நிறைந்த கூட்டம். அப்போது ஒரு கிழவர் கோலூன்றி வந்தார். "இந்த மாப்பிள்ளை என் அடிமை. இவனுடைய பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது" என்றார். சுந்தரருக்குக் கோபம் வந்தது. ஓலையைப் பறித்துக் கிழித்து எறிந்தார்.

கிழவர் அசையவில்லை. "நீ கிழித்தது நகல். மூல ஓலை என்னிடம் இருக்கிறது" என்றார். திருவெண்ணெய்நல்லூரில் சபை கூடியது. பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையை வரவழைத்தார்கள். இரண்டு எழுத்தையும் ஒத்துப் பார்த்தார்கள். ஒரே கை! சுந்தரர் தோற்றார். கிழவராக வந்தவர் சிவபெருமான் என்று பெரிய புராணம் சொல்கிறது.

கடவுளே வந்தாலும் அத்தாட்சி காட்ட வேண்டும் என்றது அந்தச் சபை. கதையில் இதுதான் அருமையான இடம். வீரசோழபுரம் வழக்கில் மூல ஓலையாக வந்தது 1956-ம் ஆண்டுப் போட்டோ.

அறிஞர்கள் போட்ட சண்டை

கலைக்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தம் உண்டா? மேல்நாட்டு அறிஞர்கள் இதைப் பற்றி வெகு காலம் வாதாடியிருக்கிறார்கள்.

ஆஸ்கார் வைல்டு என்ற எழுத்தாளர், சம்பந்தம் இல்லை என்ற கட்சி. அழகாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பார். ரஷ்ய நாட்டு டால்ஸ்டாய் நேர் எதிர்க் கட்சி. மனிதரை மனிதரோடு சேர்த்து வைப்பதே நல்ல கலை என்று 1898-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அந்த அளவுகோலால் தாம் எழுதிய பெரிய நாவல்களைக்கூடத் தள்ளிவிட்டார். அத்தனை கண்டிப்பு!

இரண்டு பேரும் பார்த்தது, கலைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதை. அது ரசிகனுடைய கைக்கு எப்படி வந்தது என்பது அவர்கள் வாதத்தில் இல்லை. வீரசோழபுரத்துக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். சுந்தரர் சிலையில் ஒழுக்கக் கேடு ஒன்றும் இல்லை. அது போன வழியில்தான் கேடு.

"எந்த வழியில் வந்தால் என்ன? அழகு குறைந்தா போய்விட்டது?" என்று கேட்பவர் உண்டு. செம்பில் ஒன்றும் குறையாது. ஆனால் கோயில் பூட்டை உடைக்கிற திருடனை யோசித்துப் பாருங்கள். சோழர் காலம் எது, விஜயநகர காலம் எது என்று அவனுக்குத் தெரியுமா? அது தெரிந்தவன் வேறு ஒருவன். தூர தேசத்தில் இருக்கிறான். சிலையின் வளைவையும் நெளிவையும் கண்டு உருகுகிறான். விலை கொடுப்பவனும் அவன்தான். அவனுடைய பணத்தை நம்பித்தான் இங்கே இரவில் பூட்டு உடைகிறது. கலையே தெரியாத முரடனுக்காக யாரும் நடராஜரைத் திருட மாட்டார்கள்.

ஆகவே, 'நான் ரசிகன். மற்றது எனக்கு வேண்டாம்' என்று அவன் ஒதுங்கிவிட முடியாது.

அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற கோடீஸ்வரர் இருந்தார். கும்பகோணம் பக்கத்துச் சிவபுரம் நடராஜரை 1973-ல் வாங்கினார். விலை 9 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. கடத்தி வந்த சிலை என்று தமக்குத் தெரியும் என்றே அவர் சொன்னதாகப் பத்திரிகையில் வெளியாயிற்று. பின்னால் அதை மறுத்தார். அசலைப் பழுது பார்க்க வாங்கியவர்கள், நகல் செய்து கோயிலுக்குக் கொடுத்திருந்தார்கள். சிவபுரத்து மக்கள் நகலைக் கும்பிட்டார்கள். அவர்கள் பக்தியில் நகல் இல்லை. ஏமாற்றியவனுக்கு அது சமாதானம் ஆகுமா? அசல் 1986-ல் இந்தியாவுக்குத் திரும்பியது.

விலை ஏறிக்கொண்டே போயிற்று. ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் கொடுத்தது 50 லட்சம் டாலருக்கு மேல். 2014-ல் அதைத் திருப்பித் தர வேண்டி வந்தது. விற்ற வியாபாரி சுபாஷ் கபூருக்கு, வேறொரு கோயில் சிலை வழக்கில், கும்பகோணம் கோர்ட்டு 2022-ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

கேட்டு வைத்துக்கொண்டால் குற்றமா?

பொருட்காட்சிசாலை என்றாலே தப்பு என்று சொல்லக் கூடாது. அங்கே சிலை பத்திரமாக இருக்கிறது. பல தேசத்தார் பார்க்கிறார்கள். தமிழன் கைத்திறனைக் கண்டு வியக்கிறார்கள். இதெல்லாம் நல்லதே.

சுந்தரர் சிலையோடு, திருத்துறைப்பூண்டித் தாலுகாவைச் சேர்ந்த ஒரு நடராஜரையும் மன்னார்குடி ஆலத்தூர் சோமாஸ்கந்தரையும் திருப்பித் தருவதாக வாஷிங்டனில் அறிவித்தார்கள். அவற்றில் நடராஜர் மட்டும் அங்கேயே இருப்பதற்கு ஏற்பாடு. எப்படி? உடைமை இந்தியாவுக்கு. நீண்ட காலத்துக்கு இரவலாக வைத்துக்கொள்ள இந்தியாவின் சம்மதம். எந்தக் கோயிலில் இருந்தது, எப்படி வெளியேறியது, எப்படித் திரும்பியது என்ற கதையையும் பக்கத்தில் காட்டப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அதே நடராஜர். அதே கட்டடம். பார்க்கிறவர்களும் அப்படியே. மாறியது ஒன்றே ஒன்று: உடையவனைக் கேட்டு வைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டு வாங்கிய நகைக்கும், கேட்காமல் எடுத்த நகைக்கும் உள்ள வித்தியாசம் இது. கழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் மின்னும்.

அழகுப் பொருள் வேண்டும் என்பவருக்கு நேர் வழியும் இருக்கிறது. கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் மரச் சிற்பிகள் இருக்கிறார்கள். அவர்கள் வேலைக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இருக்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி ஓடவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் பழைய வித்தை இன்றும் அவர்கள் கையில் இருக்கிறது. கூலி கொடுத்தால் புதிய விக்கிரகம் தயார். யார் வீட்டு விளக்கும் அணைய வேண்டியதில்லை.

ஊர் செய்ய வேண்டியது

பழி முழுவதையும் வெளிநாட்டான் தலையில் போடுவதும் நியாயம் அல்ல. கோயிலிலிருந்து சிலையைத் தூக்கியவன் வாஷிங்டன்காரன் அல்ல. உள்ளூர் வழி தெரிந்தவன். பூசை நின்று, கதவு இற்றுப்போய், ஆள் நடமாட்டம் ஓய்ந்த கோயில்கள்தாம் திருடனுக்கு வசதி. கோயிலில் என்னென்ன விக்கிரகம் உண்டு என்று படத்தோடு கணக்கு எழுதி வைத்த ஊர்கள் எத்தனை? வீரசோழபுரத்துக்குச் சாட்சி சொல்லப் பிரெஞ்சுக்காரர் நிலையத்துப் போட்டோ வர வேண்டியிருந்தது!

திரும்பி வந்த சிலைகள் பலவும் சர்க்காரின் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குத்தான் போயின. பூட்டும் காவலும் உண்டு. பூவும் தீபமும் கோயிலில்போல் இல்லை. ஊர்வலம் வருவதற்கென்று வார்த்த உற்சவ மூர்த்தி, அலமாரிக்குள் நிற்கிறது. வாஷிங்டனில் கண்ணாடிப் பெட்டி. இங்கே இரும்புக் கதவு. பெயருக்கு மட்டும் வீடு திரும்பியதாக ஆகிவிடக் கூடாது.

சுந்தரரும் பரவையாரும் வீரசோழபுரத்திலேயே நிற்க வேண்டும். அதற்குக் கோயில் பழுது பார்க்கப்பட வேண்டும். உறுதியான கதவு, காவல், அலாரம், தினசரி பூசை வேண்டும். அறநிலையத் துறையும் ஊராரும் சேர்ந்தால் இது பெரிய காரியம் அல்ல. 1956-ல் அந்தச் சந்நிதியில் கும்பிட்ட 5 வயதுப் பிள்ளைக்கு இப்போது 75 வயது.