சோம்பேறி என்றொரு சொல்

மனச்சிதைவு நோய் என்றதும் நம் நினைவுக்கு வருபவை காதில் ஒலிக்கும் குரல்களும், யாரோ துரத்துகிறார்கள் என்ற அச்சமும்தான். கதைகளும் திரைப்படங்களும் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. மருந்துகளால் குரல்கள் அடங்கிய பின்னும் குளிக்காமல், பேசாமல், ஆண்டுக்கணக்கில் ஒரே மூலையில் அமர்ந்திருப்பவரை நாம் சோம்பேறி என்கிறோம். இன்ப நாட்டமும் முனைப்பும் குன்றிப்போவது இந்நோயின் முக்கியக் கூறு. இன்றுள்ள மருந்துகள் அதன்மீது பெரிதாக வேலை செய்வதும் இல்லை.

உண்மையில் அவர்களிடம் இன்பம் வற்றித்தான் போகிறதா? 1996இல் ஆன் கிரிங், ஜான் நீல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், நோயுற்றோருக்கும் மற்றவர்களுக்கும் திரைப்படத் துணுக்குகளைக் காட்டினர். நோயுற்றோரின் முகங்களில் சலனம் குறைவாகவே இருந்தது. தாங்கள் உணர்ந்ததாக அவர்கள் சொன்னதோ மற்றவர்களுக்குக் குறைந்ததாக இல்லை. கிரிங்கும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதை மேலும் துலக்கியது. கைக்கு வந்த இன்பத்தைத் துய்க்க அவர்களால் பெரும்பாலும் முடிகிறது. வரவிருக்கும் இன்பத்தை முன்னரே மனத்தில் சுவைப்பதுதான் கடினமாகிறது. சுவையை எதிர்பார்க்க இயலாதவர் பந்திக்கு எப்படி எழுந்து வருவார்?

உளவியல் சிகிச்சை கைவைப்பது இந்த இடத்தில்தான். ‘எப்படியும் தோற்கப்போகிறேன், எதற்கு முயல வேண்டும்?’ என்ற நம்பிக்கை நோயாளியைக் கட்டிப்போடுவதை ஆரன் பெக்கும் பால் கிராண்டும் சுட்டினர். பிலடெல்ஃபியாவில் 60 பேரிடம் 18 மாதங்கள் நடத்தி, 2012இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு அறிதல்சார் சிகிச்சையும் பெற்றோரின் முனைப்பின்மை குறைந்தது. அன்றாடச் செயல்பாடும் மேம்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜெரோம் ஃபாவ்ரோ குழுவினர், இனிய அனுபவங்களை நினைவுகூரவும் நிதானித்துச் சுவைக்கவும் எதிர்நோக்கவும் குழுவாகப் பயிற்றுவிக்கின்றனர்.

இவற்றை அற்புதங்கள் என்று சொல்ல மாட்டோம். பலன் மெதுவாகவே வருகிறது. எல்லோருக்கும் வருவதும் இல்லை. எனினும் நம் வீடுகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ‘தோற்கப்போகிறேன்’ என்று ஏற்கெனவே நம்பும் ஒருவருக்கு, ‘சோம்பேறி’ என்ற வசை அந்த நம்பிக்கையை உறுதிசெய்யும் சான்றிதழ். ‘ஏன் சும்மா இருக்கிறாய்?’ என்பதற்குப் பதிலாக, ‘நேற்று நடந்து வந்தோமே, அதில் எது பிடித்திருந்தது?’ என்று கேட்கலாம். நேற்றைய சுவை நினைவில் நின்றால்தான் நாளை எழுந்து நடக்கத் தோன்றும். சொற்களின் எடை அறிந்தவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம், அந்த ஒரு சொல்லையாவது கைவிடுவோம்.