காப்பும் கைத்தொலைபேசியும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருந்தெருவை அண்டிய கிராமம் ஒன்றிலிருந்து சென்ற வாரம் எனக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர் பட்டம் பெற்று இரண்டு வருஷங்களாக உத்தியோகத்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண். பிறதேசம் சென்று ஆங்கிலம் கற்பிக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். அதற்குப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று வேண்டும். கொழும்பில் ஒரு மாதம் தங்கி வகுப்பறையிலே பயில்வதா, வீட்டிலிருந்தபடியே இணையவழியாகப் பயில்வதா என்பதுதான் கேள்வி. கொழும்புக்குப் போவதானால் தாயாரின் காப்புச் சோடி அடகுக் கடைக்குப் போக வேண்டும். கனடாவிலுள்ள தமையனார், "எல்லாம் இப்போது இணையத்தில்தானே, வீண் செலவு ஏன்?" என்கிறாராம். ஊரிலிருக்கும் தாய்மாமனோ, "கைத்தொலைபேசியில் படித்து வாங்கிய பத்திரத்தை எவன் மதிப்பான்?" என்கிறாராம். "ஐயா, இருவரில் யார் சொல்வது சரி?" என்று கடிதம் முடிகிறது.

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வன்னியில் சான்றிதழ் என்பது வெறுங்கடதாசி அன்று. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோதும், பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோதும், அரிசியையும் பாத்திரத்தையும் கைவிட்ட தாய்மார் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேற்றுத் தாள்களைப் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு சென்றனர். அப்படிப் பத்திரத்தைப் போற்றிய மக்களிடம் பெறுமதியற்ற பத்திரத்தை விற்பது பெரும் பாவம். ஆகையால் பத்திரத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

மாமனாருக்கு ஒரு வார்த்தை. தூரத்திலிருந்து படிப்பது நமக்குப் புதிதன்று. ஒக்ஸ்போர்ட்டில் 1894இல் தொடங்கிய வூல்சி ஹோல் என்னும் நிலையத்தின் தபால்வழிப் பாடங்களை அரிக்கன் லாம்பு வெளிச்சத்திலே படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளில் தேறியவர்கள் நம் முன்னோரில் இருந்தார்கள். 1980களில் பயிற்சி பெறாத ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தபோது, அவர்களைக் கலாசாலைகளுக்கு அழைக்காமலே தொலைக்கல்வி மூலம் பயிற்றும் திட்டமொன்று இலங்கையில் நடந்தது. மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் அதனைப் பொறுப்பேற்று நடத்தியது. ஆனால் அத்திட்டத்தில் ஒரு நுட்பம் இருந்தது. பாடநூல்கள் தபாலில் வந்தன. அவற்றோடு, குறித்த நாள்களில் ஆசிரியர்கள் ஓரிடத்திற் கூடிப் போதனாசிரியரை நேரிற் சந்தித்தார்கள். மேலும், அவர்கள் யாவரும் ஏற்கெனவே பாடசாலைகளிற் கற்பித்துக்கொண்டிருந்தவர்கள். திங்கட்கிழமை படித்ததைச் செவ்வாய்க்கிழமை பிள்ளைகளிடம் சோதித்துப் பார்க்க அவர்களால் முடிந்தது.

தமையனார் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. தூரம் ஒரு குற்றமன்று. கற்பித்துப் பார்க்க மாணவர் இல்லாமையும், அதைப் பார்த்துப் பிழை சொல்ல ஆள் இல்லாமையுமே குற்றம்.

நான் கற்பிக்கத் தொடங்கிய முதல் வருஷத்தில் ஒரு மூத்த ஆசிரியர் கடைசி வாங்கில் வந்து அமர்ந்தார். பாடம் முடிந்ததும் ஒரு துண்டுக் கடதாசியை என் கையில் வைத்தார். "நாற்பது நிமிஷ பாடத்தில் நீர் பேசியது முப்பத்துநான்கு நிமிஷம்" என்று அதில் எழுதியிருந்தது. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு மிஞ்சியது ஆறு நிமிஷம்! "விளங்கியதா?" என்று நான் கேட்டதற்கெல்லாம் "யெஸ் சேர்" என்று அவர்கள் கூவியதை விளக்கம் என்று எண்ணியிருந்தேன். எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் இந்தப் பிழையை நானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். தன் முதுகைத் தானே பார்க்க முடியாதல்லவா?

வெளிநாட்டு ஆங்கிலப் போதனைக்கென்று இன்று மதிப்புப் பெற்ற பயிற்சிகள் இந்த உண்மையின் மீதே கட்டப்பட்டவை. 1962இல் லண்டனில் இன்டர்நஷனல் ஹவுஸ் என்னும் மொழிப் பாடசாலையை நடத்திய ஜோன் ஹேக்ராஃப்ட், அநுபவமில்லாதவர்களைக் குறுகிய காலத்தில் ஆசிரியராக்கும் வகுப்பொன்றைத் தொடக்கினார். அதன் வழி வந்ததே கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா. அதிலே 120 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி உண்டு. அதற்குள் ஆறு மணி நேரம், உண்மையாகவே ஆங்கிலம் கற்க வந்தவர்களுக்கு, வேறுபட்ட இரண்டு தரங்களிலாவது கற்பித்துக் காட்ட வேண்டும். பயிற்றுநர் உடனிருந்து ஒவ்வொரு பாடத்தையும் மதிப்பிடுவார். சக பயிலுநரும் பார்ப்பர். டிரினிட்டி கல்லூரியின் சான்றிதழிலும் இதே ஆறு மணி உண்டு. இந்த ஆறு மணியே முழுப் பயிற்சிக்கும் உயிர்.

2020இல் கொள்ளைநோய் வந்து உலகமே கதவடைத்தபோது செல்டாவை முழுவதும் இணையவழியாக நடத்த அநுமதி கிடைத்தது. அங்கும் பயிலுநர் திரையில் உண்மையான மாணவருக்கே கற்பிக்கிறார். பயிற்றுநர் அங்கிருந்தே பார்க்கிறார். ஆகவே அது முறையான பயிற்சிதான். ஆனால் இணையத்தில் மலிந்து கிடக்கும் வேறொரு வகையுண்டு. "120 மணி நேரச் சான்றிதழ்" என்று அதே எண்ணை இரவல் வாங்கி விளம்பரம் செய்வார்கள். சில பக்கங்களை வாசித்து, சரியான விடைக்கு அடையாளமிட்டால் சில நாளில் பத்திரம் வந்துவிடும். ஒரு பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. உழவு இயந்திரத்தைப் படத்திற் பார்த்து ஓட்டப் பழகியவனிடம் எந்தக் கமக்காரன் தன் வயலை ஒப்படைப்பான்?

திரைப் பயிற்சிக்கு வேறொரு குறையும் உண்டு. திரையில் ஆறு பேருக்குக் கற்பிக்கப் பழகியவர் நாற்பது பிள்ளைகள் உள்ள அறைக்குள் நுழையும்போது திகைப்பார். எங்கே நிற்பது, கரும்பலகையை எப்படிப் பிரிப்பது, இருவர் இருவராகப் பேசவிட்டால் எழும் இரைச்சலை எப்படி அடக்குவது என்பவை அறைக்குள்ளே மட்டும் கைவருபவை. ஆனால் வீட்டிலிருந்தே பிறநாட்டு மாணவருக்குத் திரைவழி கற்பிப்பதுதான் நோக்கமென்றால், திரைப் பயிற்சியே பொருத்தம்.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாம் பட்டறிந்தோம். அந்நிலை நீங்கிவிட்டது, எனினும் சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறும் கிராமங்கள் வன்னியில் உண்டு. பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்கும் பாடத்தின் நடுவே இணைப்பு அறுந்தால் அந்த மணி வீண். அத்தகைய ஊரிலிருப்பவர் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நல்ல இணைப்புள்ள உறவினர் வீட்டில் சில வாரம் தங்குவது, வெள்ளவத்தையில் அறையெடுப்பதிலும் எத்தனையோ மலிவு.

எந்த நாட்டுக்கு என்ற கேள்வி கடிதத்தில் இல்லை. உண்மையில் அதுவே முதற் கேள்வி. தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா பொதுவாக அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்னும் ஏழு நாட்டவருக்கே உரியது. கொழும்பிற் படித்தாலும் கேம்பிரிட்ஜிலேயே படித்தாலும் நம் கடவுச்சீட்டுக்கு அந்தக் கதவு திறவாது. இது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். ஆயினும் பணங்கட்டும் முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மாலைதீவிலோ நம் நாட்டு ஆசிரியர் நெடுங்காலமாகப் பணிபுரிகின்றனர். அங்கே ஒரு மாதச் சான்றிதழைவிடப் பட்டமும் முறையான ஆசிரியத் தகைமையுமே பெரிதாக எடுபடும். அதை நாடுவோர் தேசிய கல்வியியற் கல்லூரிகளையும் திறந்த பல்கலைக்கழகத்தையும் விசாரிப்பது நன்று. இரண்டும் வவுனியாவிலேயே உண்டு.

படிப்பும் வேலையும் விசாவும் ஒரே கட்டணத்தில் தருவோம் என்பவரிடம் மிக எச்சரிக்கை வேண்டும். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற நம் நாட்டு இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடியில் மோசடி முகாம்களில் அடைபட்டு, 2023, 2024ஆம் ஆண்டுகளில் மீட்கப்பட்டதைப் பத்திரிகைகளில் வாசித்தோம். முகவருக்கு அநுமதிப்பத்திரம் உண்டோ என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் கேட்பதற்கு எவரும் கூச்சப்படலாகாது.

அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. "பிள்ளை, காப்பு இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். உமது ஊரிலேயே மாலை வேளையில் பத்துப் பிள்ளைகளைக் கூட்டி மூன்று மாதம் ஆங்கிலம் சொல்லிக் கொடும். பென்சிலுக்கும் பலூனுக்கும் ஒரே 'ப' போதுமென்று வளர்ந்த நமது பிள்ளைகளின் நாவுக்கு அவ்விரு ஒலிகளின் பேதத்தைப் பழக்கிப் பாரும். நாளைக்குத் தாய்லாந்துப் பிள்ளையின் நாவுக்குச் சொல்லின் ஈற்றில் வரும் மெய்யெழுத்துக் கூட்டம் ஏன் அகப்படுவதில்லை என்பது தானே விளங்கும். இந்தத் தொழில் உமக்குப் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அதற்கிடையில் இரு நிலையங்களுக்கும் ஒரே கேள்வியை எழுதும்: நான் எத்தனை மணி நேரம், யாருக்குக் கற்பிப்பேன், அதை யார் பார்ப்பார்?"

நேற்று மறுகடிதம் வந்தது. மாலை வகுப்புக்குப் பத்துக்குப் பதில் பதினேழு பிள்ளைகள் வந்துவிட்டார்களாம். இருக்க வாங்கு போதாமல் மாமனாரே பலகை அறுத்துக் கொடுத்தாராம். நிலையங்களில் ஒன்று, ஆறு மணி நேரப் போதனை, பார்வையிடுபவரின் தகைமை, மாணவரின் தரம் என்று இரண்டு பக்கம் விவரம் அனுப்பியிருக்கிறதாம். மற்றது, கேள்விக்கு விடை சொல்லாமல், இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் கட்டணம் பாதி என்று எழுதியிருக்கிறதாம்.