கவனத்தை ஏலம் விட்டுவிட்டுக் கடிதத்தைக் குறைகூறுகிறார்கள்

ஃப்ரீலான்ஸ் தளங்களில் அனுப்பும் முன்மொழிவுகளுக்கு மறுமொழியே வருவதில்லை என்று ஓர் ஆய்வு மாணவர் சொன்னால், அவருக்கு ஆயத்தமாக ஓர் அறிவுரை காத்திருக்கிறது: "முதல் இரண்டு வரிகளை மாற்றி எழுதுங்கள்." வேலைவாய்ப்பு மையங்களின் பயிலரங்குகளும் யூடியூப் விளக்கங்களும் கட்டண இணைய வகுப்புகளும் இதையே வெவ்வேறு சொற்களில் ஓதுகின்றன. இந்த அறிவுரை முழுப் பொய்யன்று. ஆனால் அது குற்றத்தை இடம் மாற்றி வைக்கிறது. வாடிக்கையாளரின் கவனம் கிடைக்காததற்குக் காரணம் எழுதியவரின் நடையில் மட்டும் இல்லை. கவனத்தையே சரக்காக்கி, உழைப்பவரிடமே விலைக்கு விற்கும் அமைப்பில் இருக்கிறது.

இது யாரோ சிலருடைய பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு அன்று. மொழியியல், இலக்கியம், வரலாறு போன்ற துறைகளின் ஆய்வாளர்கள் மொழிபெயர்ப்பு, வசன எழுத்து, ஒலிப்பதிவை எழுத்தாக்குதல், பேச்சுத் தரவுக்குக் குறியிடுதல், செயற்கை நுண்ணறிவின் விடைகளை மதிப்பிடுதல் முதலிய பணிகளுக்காக இத்தளங்களுக்குச் செல்கிறார்கள். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதைப் பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோருக்கான உதவித்தொகையோ 8,000 ரூபாய். அந்தத் தொகையையும் நிறுத்த முனைந்தபோதுதான் 2015 அக்டோபரில் மாணவர்கள் டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்தின் முன் திரண்டார்கள். நகரத்து அறை வாடகைக்கே போதாத தொகையோடு இருப்பவர், தமக்குத் தெரிந்த மொழியறிவைக் கொண்டு சிறிது பொருளீட்ட நினைப்பதில் வியப்பில்லை.

அவர் நுழையும் சந்தையின் இயக்கத்தை அப்வொர்க்கை வைத்தே பார்க்கலாம். ஈலான்ஸ், ஓடெஸ்க் என்னும் இரு நிறுவனங்களின் இணைப்பில் உருவாகி 2015இல் இப்பெயரைச் சூடிய தளம் அது. அங்கே முன்மொழிவு அனுப்ப 'கனெக்ட்ஸ்' எனப்படும் வில்லைகள் தேவை. 2019 வரை அடிப்படை உறுப்பினர்களுக்கு அவை மாதத்துக்கு 60 என்ற அளவில் இலவசமாகக் கிடைத்தன. அதன்பின் ஒவ்வொன்றும் 0.15 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. 16 கனெக்ட்ஸ் கேட்கும் ஒரு வேலைக்கு முன்மொழிவு அனுப்பினால் 2.40 டாலர், அதாவது இருநூறு ரூபாய்க்கு மேல். அத்தகைய பத்து முன்மொழிவுகள் இரண்டாயிரம் ரூபாயை விழுங்கும். மேலே சொன்ன 8,000 ரூபாயில் அது கால் பங்கு. வாடிக்கையாளர் வேறொருவரை அமர்த்திவிட்டால், திறந்தே பார்க்கப்படாத முன்மொழிவுக்குச் செலுத்திய கட்டணமும் போனது போனதுதான்.

இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. கூடுதலாக கனெக்ட்ஸ் வைத்து ஏலம் கேட்பவரின் முன்மொழிவு வாடிக்கையாளரின் பட்டியலில் உச்சிக்குச் செல்கிறது. பட்டியலில் அவர் முதலில் காண்பது பெயர், படம், கூலி விகிதம், முந்தைய மதிப்பீடுகள், கடிதத்தின் தொடக்க வரிகள் ஆகியவற்றைத்தான். வாடிக்கையாளரே அழைப்பு அனுப்பினால் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் முந்தைய மதிப்பீடு எதுவும் இல்லாத புதியவரை எவர் தேடி அழைப்பார்? ஆக, எவருக்குக் கவனம் மிகுதியாகத் தேவையோ அவரே மிகுதியாக விலை கொடுக்கிறார்.

மொழியியல் படித்தவர்களுக்கு இங்கே நடக்கும் பிழை எளிதில் புலப்பட வேண்டும். சொல்லுதல் என்பதே ஒரு செயல் என்று விளக்கிய ஜே.எல். ஆஸ்டின், கேட்பவரிடம் அது சென்று சேர்ந்து இன்னதென்று கொள்ளப்படுவதையும் அச்செயலின் நிறைவுக்குத் தேவையானதாகக் கருதினார். எச்சரிக்கை கேட்பவரின் செவியில் விழவே இல்லை என்றால், எச்சரித்ததாகக் கொள்ள முடியாது. திறக்கப்படாத முன்மொழிவும் அத்தகையதே. அது தோற்றுப்போன முன்மொழிவு அன்று, முன்மொழிவாகவே ஆகாதது. அதை நடையியல் நோக்கில் அறுத்துப் பார்த்து, "தொடக்கம் ஈர்ப்பாக இல்லை" என்று தீர்ப்பு வழங்குவது, அஞ்சலகம் சேர்ப்பிக்காத கடிதத்தின் கையெழுத்தைக் குறைகூறுவதற்கு நிகர்.

நல்ல கடிதம் வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. எல்லா வேலைக்கும் ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்புவோர் இருக்கிறார்கள். வாடிக்கையாளரின் தேவையை விட்டுவிட்டுத் தம் பட்டங்களை அடுக்குவோரும் இருக்கிறார்கள். கேட்ட பணியிலிருந்தே பேச்சைத் தொடங்குவது, ஒத்த பணியின் மாதிரி ஒன்றை இணைப்பது, பணியைப் படித்துப் புரிந்துகொண்டதைக் காட்டும் ஒரு கேள்வியைக் கேட்பது ஆகியவை பயன் தருபவை. ஆனால் இவை கதவு திறந்த பிறகு பேச வேண்டிய பேச்சு. கதவைத் திறக்கும் சாவி வேறொருவர் கையில், விலைச்சீட்டோடு இருக்கிறது.

அந்தக் கடிதத்தின் மதிப்பையும் தளங்களே கரைத்துவிட்டன. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேலைச் சந்தையின் அடையாளங்களைப் பற்றி எழுதியபோது முன்வைத்த அடிப்படை எளியது: தகுதியில்லாதவருக்குப் பெறுவதற்கு அரியதாக இருக்கும்வரைதான் ஓர் அடையாளம் தகுதியைக் காட்டும். ஒரு வேலைக்கென்றே வனைந்த கடிதம் முன்பு அவ்வாறு பயன்பட்டது. விளம்பரத்தைப் படித்துப் புரிந்துகொண்டு நேரம் செலவிட்டவரால்தான் அதை எழுத முடிந்தது. இன்று நொடிப்பொழுதில் எந்திரம் அதை எழுதித் தருகிறது. அப்வொர்க் 'உமா' என்னும் தன் சொந்தச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரையே முன்மொழிவு எழுதுவதற்குத் துணையாக நிறுத்தியிருக்கிறது. எல்லாக் கடிதங்களும் ஒரே மெருகோடு வந்து குவியும்போது கடிதத்தைக் கொண்டு ஆளைத் தேர முடியாது. எழுத்து இழந்த அந்த இடத்தைப் பணம் பிடித்துக்கொள்கிறது. கடிதத்தை மலிவாக்கும் கருவியைத் தருவதும் மலிந்த கடிதங்களுக்கிடையே முன்னிடத்தை விற்பதும் ஒரே கை.

கட்டணம் இல்லாவிட்டால் குப்பை முன்மொழிவுகள் வாடிக்கையாளரை மூழ்கடித்துவிடும் என்பது தளங்களின் தரப்பில் சொல்லப்படும் வலிமையான வாதம். அதைப் புறந்தள்ள வேண்டியதில்லை. வரம்பு தேவைதான். ஆனால் வரம்பு வேறு, விலை வேறு. ஒருவர் மாதத்துக்கு இத்தனை முன்மொழிவுகள்தாம் அனுப்பலாம் என்று எண்ணிக்கையை மட்டும் வரையறுத்தாலே ஒவ்வொருவரும் தேர்ந்து அனுப்புவார். 2019க்கு முந்தைய இலவச ஒதுக்கீடும் ஒரு வரம்புதான். அது போதவில்லை என்றால் இன்னும் குறைத்திருக்கலாம். எண்ணிக்கை வரம்பு எல்லோரையும் ஒன்றுபோல் கட்டுப்படுத்தும். விலையோ கையில் பணம் இல்லாதவரை மட்டுமே கட்டுப்படுத்தும். மேலும், உச்சி இடத்துக்கான ஏலம் குப்பையை எப்படிக் குறைக்கும்? பணம் வைத்த குப்பையையும் அது மேலேதான் கொண்டுபோய் வைக்கும்.

வென்றவர்கள் வழிகாட்டுகிறார்களே என்பார்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிர்ப்படும் வறிய கலைஞருக்கு வள்ளலிருக்கும் வழியைச் சொல்லும் ஆற்றுப்படை மரபு தமிழுக்குப் புதிதன்று. அங்கே வழி சொன்னவர் அதற்குக் கட்டணம் கேட்கவில்லை. சென்று சேர்பவரின் தகுதி காணப்படும் என்ற நம்பிக்கையே அந்த இலக்கிய வகையின் உயிர். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் பதிந்து வைத்திருக்கிறது. கண்டு, தகுதியறிந்து கொடுப்பது சிறிதாயினும் போதும் என்பது அவர் நிலை. கைக்கு வந்த பொருளைக் காட்டிலும் தம் தகுதி காணப்படுவதையே பெரிதாக மதித்தார் அப்புலவர். இன்றைய ஆய்வாளரோ, காணப்படுவதற்கே பொருள் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? வேலை தேடித் தரும் தனியார் முகமைகள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் பெறக்கூடாது என்பதைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கை பொதுவிதியாக வைத்தது. இந்தியா அதை ஏற்றுறுதி செய்யவில்லை. தளங்களும் தம்மை முகமைகள் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றி 2020 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி, இணையத் தளங்கள் தம்மைப் பயன்படுத்தும் வணிகர்களுக்குத் தரவரிசையின் முதன்மை அளவுகோல்களையும் பணம் அவ்வரிசையை மாற்றுமா என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் தரவரிசை விளக்கத்தைக் கோருகின்றன. ஆனால் அவை நுகர்வோரைக் காப்பதற்காக எழுந்தவை.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு தளத் தொழிலாளர் என்ற வகையை ஏற்று, அதன் அட்டவணையில் தொழில்முறைச் சேவைகளையும் உள்ளடக்கச் சேவைகளையும் சேர்த்திருக்கிறது. அது பேசுவது நலநிதியைப் பற்றி. வேலை கேட்பதற்கே கட்டணம் வாங்கலாமா என்ற கேள்வியை அது தொடவில்லை. 2020-21இல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாகவும் 2029-30இல் அந்த எண்ணிக்கை 2.35 கோடியாகும் என்றும் நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. அப்பெயரைக் கேட்டதும் உணவுப் பையோடு வண்டியில் விரைபவரே நினைவுக்கு வருகிறார். கணினியின் முன் அமர்ந்து முன்மொழிவு எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வாளர் எவர் நினைவுக்கும் வருவதில்லை, அவருடைய துறைத்தலைவர் உட்பட.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். திறக்கப்படாத முன்மொழிவுக்கான கட்டணம் முழுமையாகத் திருப்பித் தரப்பட வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய இடத்தை வரிசையிலிருந்து அகற்ற வேண்டும். வரிசை எவ்வாறு அமைகிறது என்பதை உழைப்பவருக்கும் விளக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் இதில் கடமை உண்டு. மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் பாஷிணி போன்ற அரசுத் திட்டங்களும் மொழிப் பணியாளர்களைத் தேடுகின்றன, பதிப்பகங்களும் தேடுகின்றன. ஒவ்வொரு மொழித்துறையும் தன் ஆய்வாளர்களின் திறனையும் பணி மாதிரிகளையும் தொகுத்து ஒரு திறந்த பதிவேடாக வெளியிட்டால், அவர்களில் சிலராவது ஏலத்துக்குப் போகாமலே காணப்படுவார்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அதைச் செய்யாத துறை, முன்மொழிவின் முதல் இரண்டு வரிகளைத் திருத்தக் கற்றுக்கொடுக்கும் பயிலரங்குக்கு மண்டபம் ஒதுக்குவதையாவது நிறுத்திக்கொள்ளட்டும்.