“தொடர்புகளைப் பெருக்கிக்கொள்” என்னும் உபதேசம்

சட்டக் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு வழிகாட்டுக் கூட்டங்களில் இப்போது தவறாமல் ஒலிக்கும் உபதேசம் ஒன்று உண்டு. லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கு, தன்விவரத்தை மெருகேற்று, முன்பின் அறியாத வழக்கறிஞர்களுக்கும் இணைப்பு வேண்டுகோள் அனுப்பு, வாரம் ஒரு தீர்ப்பைப் பற்றி நான்கு வரி எழுது, வேலை தானே தேடி வரும். சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். இது யாருக்குப் பலிக்கிறது, யாருக்குப் பலிப்பதில்லை என்ற கேள்வியை மட்டும் அந்தக் கூட்டங்களில் எவரும் எழுப்புவதில்லை. பலிக்காதபோது பழி முழுவதும் மாணவரின் முயற்சிக் குறைவின் மேல் விழுகிறது. இந்த உபதேசத்தின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது: ஒரு தொழில் தன் வாசலை மூடி வைத்திருப்பதை, வெளியே நிற்பவர் சரியாகத் தட்டவில்லை என்பதாக மாற்றிச் சொல்ல அது உதவுகிறது.

புணேவுக்கு வடக்கே, பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் அடங்கிய போசரியை எடுத்துக்கொள்ளலாம். கிராமமாக இருந்து, மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை வந்தபின் லேத் பட்டறைகளும், மோட்டார் நிறுவனங்களுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் சிற்றாலைகளும் நிறைந்துபோன ஊர். மராத்தியரோடு கன்னடரும் தமிழரும் வடமாநிலத்தவரும் அங்கே உழைக்கிறார்கள். அத்தகைய ஊரில் ஒரு பட்டறைத் தொழிலாளியின் மகள், குடும்பத்தின் முதல் பட்டதாரி, சட்டம் படித்து முடிக்கிறார் என்று கொள்ளலாம். அவரைச் சுற்றி வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. இயந்திரத்தில் விரல் போனவரின் இழப்பீடு, வராத கூலிப் பாக்கி, பட்டறைக்கும் பட்டறைக்கும் இடையே திரும்பிவந்த காசோலை, கையகப்படுத்திய நிலத்துக்கு உரிய தொகை, வாடகைத் தகராறு, மணமுறிவு. இவை பிம்ப்ரி நீதிமன்றத்துக்கும் சிவாஜிநகரில் உள்ள மாவட்ட நீதிமன்றத்துக்கும் போகின்றன. முதல் தகவல் அறிக்கை மராத்தியில் இருக்கும். பஞ்சநாமா மராத்தியில் இருக்கும். நிலத்தின் வரலாற்றைச் சொல்லும் ‘சாத்பாரா’ ஏடும் மராத்தியில்தான். கட்சிக்காரர் தன் துயரத்தைச் சொல்வதோ இந்தியிலோ தமிழிலோ, பெரும்பாலும் எல்லாம் கலந்த ஒரு பட்டறைப் பேச்சிலோதான்.

அந்தப் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொண்டு அதை மனுவாக மாற்றும் திறன் அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. லிங்க்ட்இன்னின் ‘திறன்கள்’ பெட்டியில் அதை எப்படி எழுதுவது? எழுதினாலும் அதைத் தேடி வருபவர் யார்? அந்தத் தளத்தில் சட்ட வேலை என்றால் ஒப்பந்தம் வரைதல், நிறுவன விதியிணக்கம், அறிவுசார் சொத்துரிமை, நடுவர் தீர்ப்பாயம். எல்லாம் ஆங்கிலத்தில் நடப்பவை. அங்கு எழுதும் முறையே தனியொரு நடை: பணிவோடு மகிழ்ச்சியை அறிவித்தல், வழிகாட்டிகளுக்கு வரிசையாக நன்றி கூறல், தோல்வியைக்கூடக் கற்ற பாடமாக அலங்கரித்தல். மொழியியல் படித்த எவருக்கும் இது தெரிந்த செய்திதான்: ஒரு நடையைச் சரளமாக எழுத வருவது எழுதுபவரின் அறிவைக் காட்டிலும் அவர் வளர்ந்த வீட்டையும் படித்த பள்ளியையுமே முதலில் காட்டிக்கொடுக்கும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான ‘கிளாட்’ நுழைவுத்தேர்வு 2008இல் தொடங்கியதிலிருந்து ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. பிற இந்திய மொழிகளிலும் நடத்தக் கோரி 2023இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே தொடரப்பட்டது. அந்த வாசலில் வடிகட்டப்பட்டவர்கள் ஐந்து ஆண்டுகள் கழித்து வேறொரு திரையில் மறுபடியும் அதே சல்லடையைச் சந்திக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நாட்டின் நீதிமன்ற அமைப்பு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும்தான் ஆங்கிலத்தை வகுத்திருக்கிறது. கீழமை நீதிமன்றங்களின் மொழியை மாநில அரசு முடிவுசெய்யலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 137ஆம் பிரிவு. மகாராஷ்டிரத்தில் அது மராத்தி. தமிழ்நாட்டில் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே தமிழ். பெரும்பாலான மக்கள் வாழ்நாளில் ஏறக்கூடிய நீதிமன்றப் படிகள் இவைதாம். ஆட்கள் மிகுதியும் தேவைப்படும் இடமும் இதுவே. வேலைவாய்ப்புக்காகப் பரிந்துரைக்கப்படும் கருவியின் கண்ணுக்கோ இந்த இடம் தெரிவதேயில்லை.

‘தொடர்பு’ உபதேசத்துக்குப் பின்னால் ஓர் ஆய்வு மரபு நிற்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. 1973இல் மார்க் கிரனோவெட்டர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, நெருங்கிய உறவுகளைவிடத் தளர்வான அறிமுகங்களே புதிய செய்திகளைக் கொண்டுவருகின்றன என்று வாதிட்டது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பது அதன் எளிய தருக்கம். 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இதை லிங்க்ட்இன்னிலேயே சோதித்தது. 5 ஆண்டுகளில் 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர்கள்; 200 கோடி புதிய இணைப்புகள்; 6 லட்சம் புதிய வேலைகள். தளர்வான தொடர்புகளின் வலிமை உண்மையே என்று அது நிறுவியது. வழிகாட்டுக் கூட்டங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன.

அதே ஆய்வு மேலும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. தொடர்பு ஓரளவுக்கு மேல் தளர்ந்துபோனால் பயன் குறையத் தொடங்குகிறது. பொது நண்பர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கும்போது, இடைநிலைத் தளர்வுள்ள தொடர்புகளே மிகுந்த வேலைகளைத் தந்தன. அதாவது, நடுவே நிற்கும் பொது அறிமுகங்கள் சிலராவது வேண்டும். இரண்டாவது இன்னும் முக்கியமானது. மின்னணுமயமான தொழில்களில்தான் தளர்வான தொடர்புகள் உதவின. அப்படி மயமாகாத தொழில்களில் நெருக்கமான தொடர்புகளே வேலை மாற உதவின. மாவட்ட நீதிமன்ற வக்கீல் தொழில் இதில் எந்தப் பக்கம் சேரும் என்று சொல்லவும் வேண்டுமா? வழக்குகளை இணையத்தில் தாக்கல் செய்யும் முறை வந்துவிட்டது. ஜூனியரைச் சேர்க்கும் முறை மாறவில்லை. சீனியரின் மாமன் மகன், சொந்த ஊர்க்காரர், சாதிச் சங்கப் பிரமுகர் கைகாட்டியவர், குமாஸ்தா அறிந்த பையன் என்றுதான் அது இன்றும் நடக்கிறது. விளம்பரம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, நேர்காணலும் கிடையாது.

இது நேற்று வந்த வழக்கமும் அன்று. 1880களின் இறுதியில் சென்னை மயிலாப்பூரில், வெம்பாக்கம் பாஷ்யம் ஐயங்கார் வீட்டில் வாரந்தோறும் முன்னணி வக்கீல்கள் கூடினார்கள். சனிக்கிழமைக் கழகம் என்று அதற்குப் பெயர். ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ 1891இல் பிறந்தது அந்தக் கூட்டத்திலிருந்துதான். சட்ட அறிவுக்கு அது செய்த தொண்டு பெரிது. ஆனாலும் அந்தக் கூடத்தில் யார் உட்கார முடிந்தது, யார் தெருவிலேயே நின்றிருப்பார்கள் என்பது சென்னையின் சமூக வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியாததல்ல. சட்டத் தொழிலின் முதல் சமூக வலைத்தளம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். இப்போது வந்திருப்பது அதன் விரிவாக்கப் பதிப்பு. தெருவில் நிற்பவர் உள்ளே நடப்பதைக் கண்ணாடி வழியே பார்த்து ‘விருப்பம்’ தெரிவிக்கலாம் என்பதே கூடுதல் வசதி.

1923இல் பம்பாயில் வழக்கறிஞராகப் பதிவுசெய்துகொண்ட அம்பேத்கரின் கதை இதற்கு மறுபக்கம். கொலம்பியாவிலும் லண்டனிலும் பெற்ற பட்டங்கள் அவரிடம் இருந்தன. வழக்குகள் எளிதில் வரவில்லை. 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். அவருடைய தொடக்க காலத்துப் பெயர்பெற்ற வெற்றிகளில் ஒன்று புணேயில் 1926இல் கிடைத்தது: திலகரைக் கடுமையாகத் தாக்கிய ‘தேசாச்சே துஷ்மன்’ நூலுக்காகத் தொடுக்கப்பட்ட அவதூறு வழக்கில், தினகர்ராவ் ஜவள்கர், கேசவ்ராவ் ஜேதே முதலானோருக்காக அவர் வாதாடினார். கட்சிக்காரர்கள் பிராமணரல்லாதார் இயக்கத்தவர். உலகத்தின் ஆகச் சிறந்த தன்விவரம் கையில் இருந்தும், கூடத்துக்குள் இருந்த தொழில் வலை அவருக்குத் திறக்கவில்லை. ஓர் அரசியல் இயக்கம் நம்பி வழக்கை ஒப்படைத்தது. தன்விவரத்தை மெருகேற்றச் சொல்பவர்கள் இந்த வரிசையைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

அன்றைய கதைதானே என்று தள்ளிவிடவும் வழியில்லை. 2018 முதல் 2022 டிசம்பர் வரை உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில் 79 விழுக்காட்டினர் பொதுப்பிரிவினர் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் அரசே தெரிவித்தது. அந்த நீதிபதிகளில் பெரும்பாலோர் வழக்கறிஞர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எந்தச் சேம்பரில் யார் ஜூனியராக நுழைந்தார் என்ற சின்ன முடிவுகள் இருபது ஆண்டுகள் கழித்து இப்படித்தான் எண்ணிக்கையாகின்றன.

சட்ட விதிகளும் இந்த உபதேசத்தோடு ஒத்துப்போகவில்லை. இதை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்பவர்கள் மிகக் குறைவு. இந்திய பார் கவுன்சில் விதி 36, நேரடியாகவோ மறைமுகமாகவோ வழக்கறிஞர் விளம்பரம் செய்து வேலை கோருவதைத் தடுக்கிறது. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் இணையப் பக்கத்தில் பெயர், முகவரி, பதிவு எண், கல்வித் தகுதி, தொழில் துறை போன்ற சில விவரங்களை மட்டும் அனுமதித்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், குயிக்கர், சுலேகா, ஜஸ்ட்டயல் போன்ற தளங்களின் வழியே வேலை கோரும் வழக்கறிஞர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஜூனியராகச் சேர இடம் தேடுவது விதி 36இன் கீழ் வராது. கட்சிக்காரரைத் தேடுவதுதான் குற்றம். ஆனால் எல்லாரும் பார்க்கும் ஒரு தளத்தில் இந்தக் கோடு மெல்லியது. பெரிய சட்ட நிறுவனம் தான் முடித்துக்கொடுத்த ஒப்பந்தத்தைப் பெருமையோடு அறிவித்தால் அது ‘செய்தி’. போசரிப் பெண் “ஜாமீன் மனுக்களுக்கு அணுகலாம்” என்று ஒரு வரி எழுதினால் அது ஒழுங்கீனம்.

விதி 49 இன்னும் கூர்மையானது. முழுநேரச் சம்பள வேலையில் சேர்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. பதிவை நிறுத்திவைக்க வேண்டும். லிங்க்ட்இன்னில் மிகுதியாகத் தென்படும் நிறுவனச் சட்ட அலுவலர் வேலைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை மீட்டுக் கொண்டுவந்தது. ஆக, வீட்டுக் கடனுக்காக அந்த வேலையை ஏற்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு நீதிபதியாகும் கனவு அந்த நாள்முதல் தள்ளிப்போகிறது. மூன்றாண்டு அனுபவத்துக்குச் சான்று யார் தருவது? நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் தரலாம். அல்லது 10 ஆண்டுக்குக் குறையாத தொழில் அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து அந்த அலுவலர் மேலொப்பமிடலாம். மறுபடியும் ஒரு சீனியரின் கையெழுத்து. இணைப்பு வேண்டுகோளை ஏற்றவர் எவரும் இந்தக் கையெழுத்தைப் போடமாட்டார்.

லிங்க்ட்இன்னை அடியோடு ஒதுக்கச் சொல்வது இந்த வாதத்தின் நோக்கம் அன்று. பயிற்சி இடங்கள் எங்கே உள்ளன, எந்த நிறுவனம் எவ்வளவு தருகிறது, நேர்காணலில் என்ன கேட்கிறார்கள் என்பதையெல்லாம் சிற்றூர் மாணவர்கள் முதன்முதலில் தெரிந்துகொண்டது அங்கேதான். சிலருக்கு முகமறியாதவர்கள் உண்மையாகவே உதவியிருக்கிறார்கள். சிலருக்குக் கிடைத்ததை எல்லாருக்குமான வழியென்று பல்கலைக்கழகங்கள் பாடமாக நடத்துவதுதான் பிழை. சேம்பர்களோடு பேசி இடம் பெற்றுத்தர வேண்டிய தம் கடமையைக் கல்லூரிகள் மாணவரின் கைபேசிக்கு மாற்றிவிட்டன. பேராசிரியர்களும் அதற்குச் சான்றிதழ் வழங்கும் பட்டறைகளை நடத்துகிறார்கள்.

நுழைவுக் கட்டணம் குறைந்துவிட்டது. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் சட்டம் வகுத்த 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்க்கு மேல், பதிவுக்கு வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பதிவுக்குப் பின் வரும் பட்டினிக் காலம் அப்படியே இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில், ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் ஊரகங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தரலாம் என்று சுற்றறிக்கை விட்டது. அது பரிந்துரைதான், கட்டாயமில்லை. யார் தருகிறார், யார் தரவில்லை என்பதும் வெளியே தெரிவதில்லை.

தெரியச் செய்ய முடியும். வழக்கறிஞர் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநில பார் கவுன்சிலும் தன் வழக்கறிஞர் அனைவரின் பட்டியலையும் பராமரிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் தொழிலிடச் சரிபார்ப்பு விதிகளின் கீழ் எங்கே தொழில் செய்கிறார்கள் என்ற படிவத்தையும் வாங்குகிறது. எந்தத் தனியார் தளத்திடமும் இவ்வளவு முழுமையான வலை கிடையாது. அந்தப் படிவத்தில் மூன்று கட்டங்கள் கூடுதலாகச் சேர்த்தால் போதும்: இந்த ஆண்டு ஜூனியர் தேவையா, மாதம் எவ்வளவு தரப்படும், சேம்பரில் எந்த மொழியில் வேலை. திரட்டியதை மாவட்டவாரியாக, மராத்தியிலும் தமிழிலும் அந்தந்த மாநில மொழியிலும் பார் கவுன்சில் இணையப் பக்கத்தில் போடலாம். இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், புதிய செயலியும் வேண்டாம். பார் கவுன்சில்களுக்கு இந்தக் கோரிக்கையை எழுதி அனுப்பச் சட்டத்துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு பிற்பகல் போதும். அடுத்த லிங்க்ட்இன் பட்டறைக்கு ஒதுக்கி வைத்திருக்கும் பிற்பகலே போதும்.