நிறமாலைக் கருவி பழமைப்பட்டதோ?

நம் ஆய்வுக்கூடத்து நிறமாலைக் கருவியைப் பரீட்சைக்கு மாத்திரம் உரிய பொருளாக எண்ணும் மாணவர் பலர். எக்ஸ்-கதிர்களை அளக்கும் செயற்கைக்கோள்கள் வானிற் சுழலும் இக்காலத்தில், கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் பகுத்தறிவதாற் பயன் என்னை என்று அவர் வினவுவர். இவ்வெண்ணம் பொருந்தாதென்பதே எமது கருத்து.

அன்னம் என்னும் விண்மீன் மண்டலத்திலுள்ள வி404 சிக்னி இதற்குத் தக்க சான்றாகும். அங்கே கண்ணுக்குத் தோன்றாப் பொருளொன்றும் விண்மீனொன்றும் ஏறத்தாழ ஆறரை நாளுக்கொருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. மீனினின்று ஈர்க்கப்படும் வாயு நேரே அப்பொருளுள் வீழாது, சுழலும் வட்டாகத் திரண்டு, வெப்பமுற்று, மெல்ல உட்செல்லும். 1989ஆம் ஆண்டில் ஜப்பானியரின் கிங்கா செயற்கைக்கோள் இதன் எக்ஸ்-கதிர்ப் பொலிவைக் கண்டது. ஆயினும் மறைபொருளின் நிறையை உரைத்தது யாது? லா பால்மாத் தீவின் தொலைநோக்கியில் இணைத்த நிறமாலைக் கருவியேயாம். துணைமீனின் கருங்கோடுகள் நீலப்புறமும் செம்புறமும் மாறிமாறிப் பெயர்வதை அளந்து, அந்நிறை சூரியனைப்போல் ஆறு மடங்கிற்கு மேற்பட்டதென 1992இல் காசாரெஸ் முதலியோர் நிறுவினர். நியூட்ரான் மீனின் நிறை ஏறத்தாழ மூன்று மடங்கைக் கடவாது. ஆதலின் அது கருந்துளையென்பது தெளிவாயிற்று.

வட்டின் இயல்பை அறிவிப்பதும் இக்கருவியே. நம்மை நோக்கி வரும் பக்கத்தின் ஒளி நீலப்புறமும், விலகிச் செல்லும் பக்கத்தின் ஒளி செம்புறமும் பெயர்வதால், ஹைட்ரஜனின் ஒளிக்கோடு இரு முகடுகளாய்ப் பிரிந்து தோன்றும். முகடுகளின் இடைவெளி சுழற்சியின் வேகத்தைக் காட்டும். 2015 ஜூன் மாதத்தில் அம்மீன் மீண்டும் பொங்கியெழுந்தபோது, அத்தீவிலேயே உள்ள 10.4 மீட்டர் தொலைநோக்கி ஒளிக்கோடுகளின் நீலப்புறத்தில் இருண்ட பள்ளங்களைக் கண்டது. வட்டின் புறப்பகுதியினின்று விநாடிக்கு 3,000 கிலோமீட்டர் வரை வேகமுடைய காற்று வெளிவீசியதை அவை உணர்த்தின. வட்டின் வாயுவை அக்காற்று வாரிச் சென்றமையாலேயே பொலிவு விரைவில் அடங்கிற்றென ஆராய்ந்தோர் கருதினர்.

எக்ஸ்-கதிர் ஆராய்ச்சியை யாம் இகழ்ந்தோமல்லோம். வட்டின் வெப்பமிக்க உட்பகுதியை அதுவே காட்டும். புறப்பகுதியையும் துணைமீனையும் புலனாகும் ஒளியே காட்டும். ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது. ஆதலின், மாணவ நண்பர்களே, சோடிய விளக்கின் இரு மஞ்சட் கோடுகளைப் பிரித்துக் காண்பதை வீண்வேலையென எண்ணற்க. கோட்டின் இடத்தைப் பிழையின்றி அளக்கும் அப்பயிற்சியே, ஒளி தாராத பொருளையும் நிறுத்தறிய வல்லது.