தலைவரைக் காப்பது எது? எண்ணிக்கையா, நம்பிக்கையா?

கோர்படி:

மராட்டிய மாநிலத்தில் 13 மாதங்களுக்குள் 2 பெரிய கட்சிகள் உடைந்ததை நாம் கண்ணால் பார்த்தோம்.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் ஏக்நாத் ஷிண்டே தலைமையில் சிவசேனை எம்.எல்.ஏ.க்கள் முதலில் சூரத்துக்கும், பிறகு கவுகாத்திக்கும் போனார்கள். 29-ந் தேதி இரவு உத்தவ் தாக்கரே முதல்-மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். மறுநாள் ஷிண்டே அந்தப் பதவியில் அமர்ந்தார். 2023 ஜூலை 2-ந் தேதி அஜித் பவார் துணை முதல்-மந்திரி ஆனார். தேசியவாத காங்கிரசும் இரண்டாயிற்று.

கட்சித் தாவலைத் தடுக்க 1985-ல் சட்டம் வந்தது. 2003-ல் அது மேலும் இறுக்கப்பட்டது. அப்படியும் பிளவுகள் நிற்கவில்லை.

மூடிய கதவு

கொள்கை என்றார்கள், பதவி ஆசை என்றார்கள், டெல்லியின் கை என்றார்கள். ஆனால் 2022-ல் பிரிந்து போனவர்கள் சொன்ன ஒரு குறையை அலட்சியப்படுத்த முடியாது. "முதல்-மந்திரியை எங்களால் சந்திக்கவே முடியவில்லை" என்பதே அது. உத்தவுக்கு 2021 நவம்பரில் ஆபரேஷன் நடந்ததையும் மறந்துவிடக்கூடாது. காரணம் எதுவானாலும், கூட இருப்பவன் மனதில் இருப்பது தலைவரின் காதுக்கு எட்டாவிட்டால், அது வேறு யார் காதுக்காவது போய்ச் சேரும்.

காமராசர் செய்தது

இங்கே தமிழ்நாட்டுச் சம்பவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1954-ல் ராஜாஜி விலகியதும், காங்கிரசு சட்டசபைக் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி நடந்தது. காமராசருக்கு 93 ஓட்டு. சி.சுப்பிரமணியத்துக்கு 41. சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம்.

வென்றவர் தோற்றவர்களை ஒதுக்கியிருக்கலாம். காமராசரோ இருவரையும் மந்திரிகளாக்கினார். மொத்தமே 8 மந்திரிகள். அதில் கல்வியும் நிதியும் சுப்பிரமணியம் கையில்! ராஜாஜியின் கல்வித் திட்டம் கைவிடப்படுவதை அறிவித்தவரும் அவர்தான். 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோதும் கல்வி மந்திரி அவரே. 1963-ல் காமராசர் பதவி விலகியபோது, பக்தவத்சலம் முதல்-மந்திரி ஆனார்.

நம்பிக்கை சாகாவரம் பெற்றதல்ல. 1969-ல் காங்கிரசு பிளந்தபோது, சுப்பிரமணியம் இந்திரா காந்தி பக்கம் நின்றார். காமராசர் எதிர்ப்பக்கம் நின்றார். ஆனாலும் 9 ஆண்டுகள் அந்த மந்திரிசபை உடையாமல் ஓடியது. அதன் பலனை அனுபவித்தவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

லைன் கிளியர்

ரெயில்வேக்காரனுக்கு இது எளிதில் விளங்கும். ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் 'லைன் கிளியர்' கொடுத்தால்தான் வண்டி புறப்படும். டிரைவர் அவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. சொல்லை நம்பிப் போகிறார். அந்தச் சொல் ஒரு தடவை பொய்த்தால் போதும், எத்தனை விதி இருந்தும் பயனில்லை.

நட்பு என்று தோளில் கை போடுவது சுலபம். பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தலையிடாமல் இருப்பதுதான் கடினம். குறை சொல்ல வருகிறவனுக்குக் கதவைத் திறந்து வைப்பது அதைவிடக் கடினம்.

நமக்கு என்ன?

மும்பையில் கட்சி உடைந்தால் கோர்படித் தமிழனுக்கு என்ன என்று கேட்கலாம். புனே மாநகராட்சி கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் 3 ஆண்டுகளுக்கு மேல் தேர்தலே நடக்கவில்லை. நிர்வாகியே ஆட்சி செய்தார். தண்ணீர் வராவிட்டால் யார் கதவைத் தட்டுவது என்று ஜனங்கள் திகைத்தார்கள்.

ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் கொடி எந்த நிறம் என்று மட்டும் பார்க்க வேண்டாம். நேற்று கூட இருந்தவர்கள் இன்றும் அவருடன் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். தோழர்கள் நம்பாதவரை, தொகுதி எப்படி நம்புவது?